மெல்லப் பாடிய நிக் டிரேக்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 'மனம் கவர்ந்த கலைஞர்' என்ற நிகழ்ச்சியில் பேசியதின் எழுத்து வடிவம். பேசியவர்: மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல் துறை, 2007–2011 பேட்ச்.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "பேட்ச்சுக்கு ஒருத்தர், பிடிச்ச கலைஞரைப் பத்திப் பேசணும் தம்பி" என்று சொன்னபோது, நான் இளையராஜாவைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதை எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மிகச் சிறப்பாகச் செய்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டது இந்த அரங்கில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஓர் ஆங்கிலேயர். பெயர் நிக் டிரேக். தானே எழுதி, தானே கிட்டார் வாசித்துப் பாடியவர். வெளியிட்டது மூன்றே இசைத்தட்டுகள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒவ்வொன்றும் ஐயாயிரம் பிரதிகூட விற்கவில்லை என்பார்கள். 26 வயதில் இறந்துபோனார். வளர்ந்த பிறகு அவர் பாடுகிற மாதிரி ஒரு படச்சுருள்கூட இதுவரை கிடைக்கவில்லை. யூடியூபில் தேடினால் புகைப்படங்களும் பாட்டும்தான் வரும்.

அப்படிப்பட்டவரை எனக்கு அறிமுகம் செய்தது எந்த இசை விமர்சகரும் அல்ல. நம் கல்லூரி ஹாஸ்டல்தான்.

மூன்றாம் ஆண்டில் என் அறைக்கு ஒரு நண்பன் வந்து சேர்ந்தான். அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். அமைதியான பையன். மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு கடைசி மேஜைக்குப் போய்விடுவான். இரவு பதினொரு மணிக்கு மேல், எல்லா அறைகளிலும் ஸ்பீக்கர்கள் அடங்கிய பிறகு, இயர்போனில் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள், "என்னடா கேக்குற?" என்றேன். ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "என்ன மச்சான், தாலாட்டு மாதிரி இருக்கு, தூக்கம் வருது" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் இயர்போனை நீட்டவில்லை.

அந்தப் பாட்டு நிக் டிரேக்குடையது என்று எனக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மனிதர் யார் என்று பார்ப்போம்.

ரங்கூனில் பிறந்த பையன்

நிக் டிரேக் பிறந்தது 1948 ஜூன் 19-ம் தேதி, ரங்கூனில். அப்பா ராட்னி டிரேக் நம் இனம்தான், அதாவது இன்ஜினியர்! பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் வேலை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது, நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே இந்தியா வந்து சேர்ந்த கதையைப் பல வீடுகளில் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். அதே சமயத்தில் அம்மா மாலி டிரேக்கும் பர்மாவை விட்டு டெல்லிக்கு வந்தார். அங்கே தன் சகோதரியோடு சேர்ந்து அகில இந்திய வானொலியில் பாடினார். போர் முடிந்து பர்மாவுக்குத் திரும்பிய பிறகுதான் நிக் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது.

அந்த அம்மா பியானோ வாசித்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டு எழுதிப் பாடுவார். மேடை இல்லை, இசைத்தட்டு இல்லை. இன்ஜினியர் அப்பா வீட்டில் டேப் ரிக்கார்டர் வைத்து அதையெல்லாம் பதிவு செய்தார். அம்மாவின் அந்தப் பாட்டுக்கள் 2013-ல்தான் பொதுமக்களுக்கு இசைத்தட்டாக வந்தன. கேட்டுப் பாருங்கள், மகன் எங்கிருந்து வந்தான் என்பது புரிந்துவிடும். குரலை உயர்த்தாமல், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்வது போலப் பாடுகிற வழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது.

கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கப் போனார் நிக். லண்டன் மேடை ஒன்றில் அவர் வாசித்ததைக் கேட்ட ஓர் இசைக்கலைஞர், ஜோ பாய்ட் என்ற தயாரிப்பாளரிடம் சொன்னார். அதன் பிறகு நம்மாள் வகுப்பைக் கட் அடித்துவிட்டு ரயிலேறி லண்டன் ஸ்டூடியோவுக்குப் போக ஆரம்பித்தார். (முதல்வர் மன்னிக்க வேண்டும். இதைத் தம்பிகள் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

சாதுவின் பிடிவாதம்

ஸ்டூடியோவின் பெயர் சவுண்ட் டெக்னிக்ஸ். லண்டன் செல்சி பகுதியில், முன்பு பால் பண்ணைக் கட்டிடமாக இருந்த இடம். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜான் வுட். நிக்கின் மூன்று இசைத்தட்டுகளையும் பதிவு செய்தவர் இவர்தான். இன்றைய பேச்சில் எனக்கு நிக்குக்கு அடுத்தபடி முக்கியமான ஆள் இவர்.

முதல் இசைத்தட்டுக்கு வயலின் வாத்தியக் கோர்வை எழுத, தொழிலில் அனுபவமுள்ள ஒருவரை ஜோ பாய்ட் ஏற்பாடு செய்திருந்தார். எழுதியும் கொடுத்தார். வாய் திறந்து பேசவே கூச்சப்படுகிற இருபது வயதுப் பையன், 'இது என் பாட்டுக்குச் சரிவராது' என்று சொல்லிவிட்டான். வேறு யார் எழுதுவது என்று கேட்டால், கேம்பிரிட்ஜில் தன்னோடு படிக்கிற நண்பன் ராபர்ட் கிர்பி எழுதுவான் என்றான். கிர்பிக்கு அதற்கு முன் தொழில்முறையில் எழுதிய அனுபவமே கிடையாது. ஒரு காலேஜ் பையனை நம்பி ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்களை உட்கார வைப்பதென்றால் தயாரிப்பாளருக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும். ஆனால் கிர்பி எழுதியது அற்புதமாக அமைந்தது. 'வே டு ப்ளூ' என்ற பாட்டில் கிட்டாரே இல்லை, கிர்பியின் தந்தி வாத்தியங்களும் நிக்கின் குரலும் மட்டும்தான்.

'ரிவர் மேன்' என்ற பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். மேற்கத்தியப் பாட்டு பெரும்பாலும் நாலு எண்ணிக்கையிலோ மூன்று எண்ணிக்கையிலோ போகும். இது ஐந்து. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் கண்ட சாபு மாதிரி தொடையில் தட்டிப் பார்க்கலாம். ஆனால் கேட்கும்போது ஐந்து என்றே தெரியாது, ஆறு ஓடுகிற மாதிரி ஓடும். இந்தப் பாட்டுக்கு மட்டும் 'என்னால் முடியாது' என்று கிர்பி நேர்மையாக ஒதுங்கிக்கொண்டார். ஹாரி ராபின்சன் என்ற அனுபவசாலி எழுதினார். 1969-ல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' என்ற பெயரில் இசைத்தட்டு வெளிவந்தது. அந்த வருடமே, பட்டம் வாங்க ஒன்பது மாதம் இருக்கும்போது, நிக் கேம்பிரிட்ஜை விட்டு வெளியேறினார்.

இன்ஜினியர்கள் கூடியிருக்கிற சபை என்பதால் கிட்டார் விஷயம் ஒன்றைக் கொஞ்சம் விளக்குகிறேன். சாதாரணமாகக் கிட்டாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்த்திருக்கும். நிக் பாட்டுக்குத் தகுந்தபடி அதை மாற்றிக்கொண்டே இருப்பார். அவர் பயன்படுத்திய ஒரு வகை: சி, ஜி, சி, எஃப், சி, ஈ. அதாவது தடித்த தந்தியை நான்கு அரைச்சுரம் இறக்கிவிட வேண்டும், அடுத்த மூன்றை இரண்டிரண்டு இறக்க வேண்டும், ஐந்தாவதை ஒன்று ஏற்ற வேண்டும், கடைசித் தந்தி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதனால் என்ன லாபம்? விரல் வைக்காமலேயே தந்திகள் தம்பூரா மாதிரி ரீங்காரம் போடும். கட்டைவிரல் அடித்தந்தியில் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே தனியாக ஒரு மெட்டு வாசிக்கும். இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்று தோன்றும். அதற்கு மேல் குரல், தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால், அவசரமே இல்லாமல் வரும். அவர் போன பிறகு கிட்டார் வாசிப்பவர்கள் பல வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டுதான் இந்தச் சுருதிகளைக் கண்டுபிடித்தார்கள்.

நஷ்டம் என்னவென்றால், மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் தந்திகளை மாற்றி முறுக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். மற்ற பாடகர்கள் அந்த நேரத்தில் ஜோக் அடித்துச் சமாளிப்பார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு முறுக்கிக்கொண்டே இருப்பார். கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். 1970-ல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மேடையில், பாட்டின் பாதியிலேயே எழுந்து போய்விட்டார் என்று அன்று உடன் பாடியவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அரங்கிலும் பின்வரிசையில் நம்மைப் போலத்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இரண்டு இரவுகள்

இரண்டாவது இசைத்தட்டு 1971-ல் டிரம்ஸ், சாக்ஸபோன் என்று பெரிய பரிவாரத்தோடு வந்தது. அதுவும் விற்கவில்லை. ஜோ பாய்ட் அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நிக் தனியாகிவிட்டார், ஆட்களோடு பேசுவதும் குறைந்துபோனது.

1971 அக்டோபரில் அவர் ஜான் வுட்டைத் தொடர்புகொண்டு, பதிவு செய்ய வேண்டும் என்றார். பகலில் ஸ்டூடியோ வேறு வேலைகளுக்கு வேண்டும். அதனால் இரவு. இரண்டே இரவுகள். உள்ளே இரண்டே பேர், பாடுகிறவர் ஒருவர், பதிவு செய்கிறவர் ஒருவர். மேலே வேறு வாத்தியம் ஏதாவது சேர்க்கலாமா என்ற பேச்சுக்கு, எதுவும் வேண்டாம் என்பதே நிக்கின் பதில். ஒரே ஒரு பாட்டில் அவரே சில விநாடிகள் பியானோ சேர்த்தார். பதினோரு பாட்டு, மொத்தம் 28 நிமிடம். 1972 பிப்ரவரியில் 'பிங்க் மூன்' என்று வெளிவந்தது.

இந்த இடத்தில் ஒரு பொறியாளனாக நான் ஜான் வுட்டுக்குத் தலைவணங்குகிறேன். நம் தொழிலில் எதையாவது சேர்ப்பதுதான் திறமை என்று நினைக்கிறோம். எதிரொலி கொஞ்சம் போடலாம், சத்தத்தைக் கொஞ்சம் தூக்கலாம் என்று கை பரபரக்கும். அவர் மைக்கைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அதனால்தான் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் விரல் தந்தியில் உரசுவது நம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

அதன் பிறகு நடந்தது வருத்தமான கதை. 1972-ல் மனச்சோர்வு முற்றி ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தார். 1974-ல் மறுபடியும் சில பாட்டுக்கள் பதிவு செய்ய வந்தார். அப்போது அவரால் வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை. முதலில் கிட்டாரைப் பதிவு செய்து, பிறகு குரலைத் தனியாகச் சேர்த்தார்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஒரே மூச்சில் மூன்று வேலை செய்தவர் அவர்! மனச்சோர்வுதான் கலைஞனுக்குப் பாட்டு தருகிறது என்று சிலர் சினிமா வசனம் மாதிரி பேசுவார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். பாட்டைத் தந்தது அவருடைய உழைப்பு. அதைப் பிடுங்கிக்கொண்டது நோய்.

1974 நவம்பர் 25-ம் தேதி, பெற்றோர் வீட்டில் காலமானார். விசாரணை அதிகாரி தற்கொலை என்று பதிவு செய்தார். அவரை அறிந்தவர்களில் எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

என் வேலையும் என் நண்பனும்

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் பார்க்கிற வேலை, போன் பேச்சிலிருந்து பின்னணி இரைச்சலை நீக்குகிற மென்பொருள் எழுதுவது. ஒரு விநாடியை ஐம்பது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எது இரைச்சல், எது பேச்சு என்று கணக்குப் போட்டு, இரைச்சலை அமுக்க வேண்டும். இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மெல்லப் பேசுகிறவர்களின் குரல் இரைச்சலின் அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கணக்கு கொஞ்சம் தவறினால் இரைச்சலோடு சேர்த்து அவர்களையும் துடைத்து எறிந்துவிடும்.

2016-ல் ஒரு சோதனை. ஒரு வயதான அம்மாவின் குரல் பாதிக்குப் பாதி காணாமல் போனது. நான் அறிக்கையில் என்ன எழுதினேன் தெரியுமா? 'பேசுபவர் சத்தமாகப் பேச வேண்டும்.' எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அன்று இரவு ஆபீசில் ஒரு பையன், மிக மெல்லிய ஒலிப்பதிவைச் சோதிப்பதற்காக ஒரு பாட்டைப் போட்டான். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாஸ்டல் பாட்டு! அப்போதுதான் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'பிங்க் மூன்'.

அந்த நண்பன் என்ன ஆனான்? மூன்றாம் ஆண்டு இரண்டாவது செமஸ்டரில் வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். பகலெல்லாம் படுத்திருந்தான். சாப்பிடப் போவது குறைந்தது. 'திமிர் பிடிச்சவன்' என்றான் ஒருவன். 'லவ் ஃபெயிலியரா இருக்கும்' என்றான் இன்னொருவன். ஒரே அறையில் படுத்திருந்த நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அரியர் கவலை. ஒருநாள் அவன் அப்பா வந்து, பெட்டியைக் கட்டி அழைத்துக்கொண்டு போனார். நான் பேருந்து நிலையம்வரைகூடப் போகவில்லை.

அந்தப் பாட்டைக் கேட்ட மறுநாள், நாலு பேரிடம் விசாரித்து நம்பர் வாங்கிப் பேசினேன். "ஏன்டா அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சொன்னேனே மச்சான். இயர்போன் குடுத்தேன்ல" என்றான். பிறகு அவனே சிரித்துவிட்டு, என் குழந்தையைப் பற்றி விசாரித்தான்.

அவன் நன்றாக இருக்கிறான். டாக்டரிடம் போய், இரண்டு வருடம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, குணமாகி, தபால் வழியில் பட்டம் வாங்கி, இன்று தன் ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறான். காது கொடுத்துக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நிக்கின் அப்பா அம்மா அவரைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தார்கள். அவருடைய நோய்க்காலத்தைப் பற்றி அந்த இன்ஜினியர் அப்பா எழுதிய நாட்குறிப்பு 2014-ல் வந்த ஒரு நூலில் இருக்கிறது. அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் கேட்டிருந்தும் முடியாமல் போவது வேறு, கேட்காமலே விடுவது வேறு. நான் செய்தது இரண்டாவது.

ஒரு வேண்டுகோள்

நிக்கின் பாட்டுக்குப் பின்னால் நல்ல காலம் வந்தது. 1979-ல் மூன்று இசைத்தட்டும் சேர்த்துத் தொகுப்பாக வந்தன. தேடி வந்த இளைஞர்களை அவருடைய பெற்றோர் வீட்டுக்குள் அழைத்து உபசரித்தார்கள். 1999-ல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் 'பிங்க் மூன்' ஒலித்ததும் விற்பனை சட்டென்று ஏறியது. இன்று இண்டி ஃபோக் என்று சொல்லப்படுகிற, அறைக்குள் உட்கார்ந்து மெல்லப் பாடுகிற பாடகர்கள் பலருக்கு அவர்தான் முன்னோடி. எல்லாம் சந்தோஷம்தான், ஆனால் அவருக்கு எதுவும் தெரியாது.

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். அழத் தெரியாத பிள்ளைக்கும் பசிக்கும் அல்லவா?

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அறையில், உங்கள் பெஞ்சில் ஒருவர் சாப்பிட வருவதை நிறுத்தினால், போய்க் கேளுங்கள். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம். எங்கள் காலத்தில் அது இல்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் பேட்ச் வாரியாக முகவரிப் பட்டியல் போடுகிறோம். எங்கள் வகுப்பில் முதல் நாள் உட்கார்ந்தவர்கள் அறுபது பேர். பட்டியலில் இருப்பது ஐம்பத்தேழு. பட்டம் வாங்கியவர்கள்தான் முன்னாள் மாணவர்கள் என்பது விதி. நடுவில் போனவர்களும் இதே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள்தான், இதே மணிச் சத்தத்துக்கு எழுந்தவர்கள்தான். அவர்கள் சம்மதித்தால், அடுத்த வருட மலரில் அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும். அழைப்பிதழும் போக வேண்டும். என் நண்பனிடம் கேட்டேன். "கூப்பிட்டா வரேன்டா, கடைசி வரிசையில ஒரு சீட் போதும்" என்றான்.

வீட்டுக்குப் போய், எல்லாரும் தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு 'பிங்க் மூன்' ஒருமுறை கேளுங்கள். 28 நிமிடம்தான். சத்தத்தைக் கூட்டாதீர்கள். நீங்கள் கொஞ்சம் கிட்டே போங்கள்.